ரோதைமுனி சபைக்குப் போன வருடங்கள்

ரோதைமுனி பிரதேச சபை உறுப்பினராகப் பதவியேற்ற அன்றைக்கு றக்வானைச் சந்தையில் தேங்காய் எண்பது ரூபாய். கல்லாக இருப்பவர் எப்படிச் சத்தியப்பிரமாணம் செய்வது என்று சபை அலுவலகமான கந்தோரில் கொஞ்ச நேரம் குழப்பம் இருந்தது. மற்ற உறுப்பினர்கள் அவரவர் சாமியின் பேரில் சத்தியம் செய்தார்கள். இவர் தன் பேரிலேயே செய்துகொண்டார் என்று எழுதிக்கொண்டு, முழங்கால் உயரக் கறுப்புக் கல்லுக்கு ஒரு மாலையைப் போட்டு, சுவரோரமாக இருந்த கதிரையில் இருத்தினார்கள். கதிரையின் ஒரு கால் உடனே முறிந்தது. அதைத் தவிர அன்று வேறு அசம்பாவிதம் இல்லை.

சாமிக்கு ஊர் பன்றிமலை. றக்வானையிலிருந்து மேலே ஏறும் பஸ்ஸில் எல்லோரும் வாந்தி எடுத்து முடிக்கிற வளைவில் இறங்கினால் வருகிற தோட்டம். கம்பனிக் காகிதங்களில் ஊரகந்தை என்று இருக்கும். நம் ஆட்கள் யாரும் அப்படிச் சொன்னதில்லை. அங்கே மாரியம்மன் எல்லாருக்கும் பொது. அவளுக்குக் கீழே ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சாமி உண்டு. தேயிலையைக் கவ்வாத்து வெட்டும்முன் கவ்வாத்துச்சாமிக்குத் தேங்காய் உடைப்பார்கள், கொழுந்துக்குப் போகும்முன் கொழுந்துச்சாமிக்குச் சூடம் காட்டுவார்கள். ஸ்டோரு என்கிற தேயிலைத் தொழிற்சாலையில் வாடிய கொழுந்தை உருட்டிப் பிழிகிற பெரிய ரோதைக்குக் காவல் ரோதைமுனி. ஸ்டோருக்குப் பின்னால், பலாமரத்தடியில் இருப்பார். வருடத்துக்கு ஒரு சேவல், அரைப் போத்தல் சாராயம், வெள்ளிக்கிழமைகளில் ஒரு சுருட்டு. இதற்கு மேல் அவர் எதுவும் கேட்டதில்லை, இதற்குக் குறைந்து யாரும் கொடுத்ததும் இல்லை.

அந்த ரோதையை ஓட்டியவன் பழனியாண்டி. ஓர் ஐப்பசி மாலை வேலை முடிந்து வரும்போது இடி விழுந்து செத்துப்போனான். காரியம் முடிந்து ஸ்டோரு மறுபடி ஓடத் தொடங்கிய அன்று, மாலை ஷிப்டில், ரோதை சுற்றும் சத்தத்துக்குள்ளிருந்து அவன் குரல் வந்தது. "கலா, சோறாக்கிட்டியா? கதவச் சாத்திட்டியா? மழ வருது." அவ்வளவுதான். மேலுலகத்தைப் பற்றியோ புதைத்து வைத்த மாணிக்கக்கல்லைப் பற்றியோ அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. லயம் என்கிற வரிசை வீட்டில் இருந்த அவன் மனைவி விஜயகலா வாசலுக்கு வந்து, "சாத்திட்டேன்!" என்று கத்திவிட்டுக் கதவைச் சாத்தினாள். புதிதாக வந்திருந்த தோட்டத்து மேலாளர் துரை, அது பெயாரிங்கில் வருகிற சத்தம் என்று சொல்லி கிரீஸ் போடச் சொன்னார். போட்டார்கள். குரல் இன்னும் தெளிவாக வந்தது. பிறகு அவரும் அதை விட்டுவிட்டார். பக்கத்துக் காம்பிரா அறைகளில் இருந்த பெண்கள், அந்தக் குரலைக் கேட்டதும் அடுப்பில் உலை வைக்கப் பழகினார்கள். "ஒன் வீட்டுக்காரரு உசுரோட இருந்தப்பகூட இவ்ளோ அக்கறையாக் கேட்டதில்லடி" என்று இருளாயி கேலி செய்வாள். விஜயகலா சிரித்துக்கொள்வாள். ஆனால் குரலுக்குச் சோறு போட முடியாது. குரலின் சட்டையைத் துவைத்துக் காயப்போட முடியாது. கதவைச் சாத்தியபிறகு காம்பிராவுக்குள் அவள் ஒருத்திதான் இருந்தாள்.

2017 முடியும் தறுவாயில் ரோதைப் பூசை வந்தது. பூசாரி மூக்கையா மேல் முனி ஏறினார். முனி ஏறி நிற்கும்போது அவர் சொல்வதற்கு மறுப்புச் சொல்வது பன்றிமலையில் வழக்கமில்லை. என்ன சொன்னாலும் "சரிங்க சாமி" என்பதுதான் முறை. முன்னொரு தடவை ஸ்டோருக் கூரையில் ஏறிக் குதிக்கச் சொன்னார், அதற்கும் சரிங்க சாமி என்றுதான் சொன்னார்கள், குதிக்கவில்லை என்பது வேறு. விஜயகலா சுருட்டைப் பற்றவைத்து நீட்டினாள்.

"சாமி, கொரல் மட்டும் வருது. ஆளு வர மாட்டேங்குது. நீங்க நெனச்சா ஆளையே கொண்டாந்துறலாம்லீங்களா?"

முனி சுருட்டை இழுத்தார். "அதுக்கெல்லாம் எனக்கு அதிகாரம் இல்ல புள்ள. நான் ரோதைக்கு மட்டுந்தான் காவல். அந்தக் கொரலு வந்ததே, போற உசுரு ரோதையப் புடிச்சிக்கிட்டு நின்னதால. நான் தொரத்தல, அவ்ளோதான்."

"அப்ப அதிகாரம் எங்கங்க சாமி இருக்கு?"

முனி யோசித்தார். இந்தக் கேள்வியை அவரிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. பக்கத்தில் வெள்ளைச் சட்டையோடு நின்ற சுதாகரன், தொழிற்சங்கத்தின் தோட்டத்துத் தலைவர், வரும் தேர்தலில் தனக்குச் சீட்டுக் கிடைக்காது என்று கட்சி சொல்லிவிட்ட சோகத்தில் இருந்தவன், வாய் தவறியது மாதிரிச் சொன்னான்: "பிரதேச சபையில இருக்குங்க சாமி."

"அப்ப அங்க போவோம்" என்றார் முனி.

"சரிங்க சாமி" என்றது கூட்டம்.

இப்படித்தான் அது நடந்தது. கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. ஒருத்திக்குப் புருஷன் வேண்டும், சாமிக்கு அவள் கேட்டதைச் செய்ய வேண்டும், சுதாகரனுக்கு ஒரு ஜீப் வேண்டும்.

சாமியையே வேட்பாளராக்கி, தேர்தல் போஸ்டரில் வேலும் ரோதையும் பின்னணியில் சூரிய ஒளியும் போட்டு, நடுவில் கல்லை வைத்தார்கள். கீழே பஸார்ச் சந்தியில் கடை வைத்திருந்த பாறூக் முதலாளி அதை நின்று பார்த்தார். "எங்கட மார்க்கத்துல உருவமில்ல, அதால நாங்க தப்பிச்சோம்" என்றார். "இல்லாட்டி எங்கட ஆக்களும் சும்மா இருப்பாங்களா? நமக்கென்ன, ரெண்டு கட்சிக்கும் சூடம் என்ட கடையிலதான்." இரண்டாவது கட்சி என்று அவர் சொன்னது கீழே உள்ள சிங்களக் கிராமத்தை. தோட்டத்துக்காரர்கள் சாமியை நிறுத்தினால் நாங்கள் என்ன குறைந்தவர்களா என்று அவர்கள் தங்கள் காவல் தெய்வமான கம்பார தெய்யோவை எதிர்க்கட்சியில் நிறுத்தினார்கள். இரண்டு பேரும் பழைய கூட்டாளிகள். எல்லைக் கித்துள் மரத்தடியில் தெய்யோவுக்கு வைக்கிற வெற்றிலை மறுநாள் முனியின் பலாமரத்தடியில் கிடக்கும். முனியின் சாராயத்தில் பாதியைக் காணாது. ஒருத்தர் திருவிழாவில் மற்றவர் ஆட்கள் பந்தல் கட்டினார்கள். தேர்தலில் இரண்டு பேரும் ஜெயித்தார்கள். எதிரெதிர் வரிசையில் இருத்தப்பட்டதால் அதற்குப் பிறகு பேசிக்கொள்ள வழியில்லாமல் போயிற்று. சாமிகளே பேசாதபோது நாம் பேசினால் மரியாதையில்லை என்று சனங்களும் பேச்சைக் குறைத்தார்கள். தோட்டத்தார் தண்ணீர் பிடிக்கிற பீலிக்குப் போகும் பாதை கிராமத்துக் காணி வழியாகப் போனது. ஒரு காலையில் அங்கே முள்கம்பி இருந்தது.

முனி பன்றிமலையை விட்டு வேனில் ஏறிய மறுநாள் ரோதை நின்றது. மோட்டர் ஓடியது, பெல்ட் ஓடியது, ரோதை மட்டும் அசையவில்லை. கொழும்பிலிருந்து வந்த எஞ்சினியர் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்து, ஒரு கோளாறும் இல்லை, அதற்கு இஷ்டமில்லை, அவ்வளவுதான் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பச்சைக் கொழுந்தை லொறியில் ஏற்றி வேறு ஸ்டோருக்கு அனுப்பத் தொடங்கினார்கள். மாலையில் குரல் வரவில்லை. பெண்கள் உலை வைக்கிற நேரம் தெரியாமல் சில நாள் சோற்றைக் குழைத்தார்கள், பிறகு போனைப் பார்த்து வைக்கப் பழகினார்கள். விஜயகலாவுக்கு அப்படிப் பழக முடியவில்லை. ஒரு நாள் லீவு போட்டு, நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, மடியில் ஒரு சுருட்டைச் சொருகிக்கொண்டு, பஸ் பிடித்து சபைக் கந்தோருக்குப் போனாள்.

சுதாகரன் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். சாமியின் இணைப்புச் செயலாளர் என்று சட்டைப்பையில் அட்டை தொங்கியது. "அக்கா, டோக்கன் எடுத்தீங்களா?"

"நம்ம முனியப் பாக்கவா டோக்கன்?"

"இப்ப அவரு வெறும் முனி இல்லக்கா. கௌரவ முனி."

"கௌரவ முனிக்கு சுருட்டு கொண்டாந்திருக்கேன்."

"ஐயய்யோ, உள்ள வைங்க அத. இங்க போர்டு மாட்டியிருக்கு பாருங்க, புகைக்கக் கூடாது." அவன் குரலைத் தாழ்த்தினான். "ஒங்க விசயம் சாமி மனசுலதான் இருக்கு. நான்கூட ஞாபகப்படுத்தினேன். ஆனா சபைக்கு என்னா பவரு? ரோட்டுக்குக் கொங்கிரீட் போடலாம், லைட்டு போடலாம். செத்தவங்க விசயமெல்லாம் மேல." கையை உயர்த்திக் காட்டினான். விஜயகலா அண்ணாந்து பார்த்தாள். அவன் காட்டியது கொழும்பை.

"ரோதையும் சுத்த மாட்டேங்குது தம்பி."

"அதுக்கு ஒரு கமிட்டி போட்டாச்சுக்கா. நீங்க வீட்டுக்குப் போங்க. அண்ணன் எந்த நேரமும் வரலாம். வர்ற நேரம் கதவு சாத்தியிருந்துச்சுன்னா நல்லாவா இருக்கும்?"

இதை அவன் அவளை அனுப்பிவிடுவதற்காகச் சொன்னான். அவள் கதவைத் திறந்து வைத்தாள். அன்று மாலையும், அடுத்த மாலையும், அதற்குப் பிறகு வந்த எல்லா மாலைகளிலும் விஜயகலாவின் காம்பிராக் கதவு திறந்தே கிடந்தது. சப்ரகமுவ மழை எதையும் கேட்டுவிட்டு வருவதில்லை, உள்ளே வந்தது. லயத்து நாய்கள் வந்தன, அட்டை வந்தது, ஒரு தடவை ஒரு முள்ளம்பன்றி வந்து அடுப்படியில் படுத்திருந்துவிட்டுப் போனது. கதவுப் பலகை நனைந்து உப்பி, சட்டத்தை விடப் பெரிதாயிற்று. "கள்ளன் வந்தா என்னாடி செய்வ?" என்று இருளாயி கேட்டாள். "வந்தா அவருக்கும் ஒரு வாய் சோறு" என்றாள் விஜயகலா. தினமும் இரண்டு பேருக்கு ஆக்கினாள். ஒரு பங்கு மறுநாள் காலையில் நாய்களுக்குப் போனது. பன்றிமலை நாய்கள் அந்த வருடங்களில் நன்றாக இருந்தன.

மேலே போக நடுவில் மாகாண சபை என்றொரு படி இருந்தது. அதற்குத் தேர்தல் வைக்க நாட்டில் எல்லோரும் மறந்திருந்ததால், 2020ஆம் ஆண்டு சாமி ஒரே எட்டில் பாராளுமன்றத்துக்குப் போனார். தேங்காய் நூறைத் தொட்டிருந்தது. பெரிய இடத்துக்கு முனி என்ற பேர் சரிவராது என்று ஸ்ரீ சக்ரநாதேஸ்வரர் என்று மாற்றினார்கள். சேவல் நின்றது, சாராயம் நின்றது. வெள்ளைப் பொங்கலும் பாலும் வைத்தார்கள். வேட்டியில் சுருட்டு நாறுகிறது என்று மூக்கையாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, டவுனிலிருந்து சமஸ்கிருதம் தெரிந்த ஐயர் ஒருவரை வைத்தார்கள். முனிக்கு சமஸ்கிருதம் தெரியாது. அவர் யார் மேலும் ஏறுவதை நிறுத்திக்கொண்டார். அன்றிலிருந்து சாமி நினைக்கிறதை சுதாகரன்தான் சொன்னான், ஏறாமலே. கேட்டவர்கள் பழக்கத்தில் "சரிங்க சாமி" என்றார்கள். வேலையில்லாத மூக்கையா லயத்து வாசலில் இருந்துகொண்டு, "அவரு எளச்சுப் போயிட்டாருன்னு மட்டும் எனக்குத் தெரியுது. எனக்கும் வேட்டி ரெண்டு சுத்து பெருசாயிருச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பாராளுமன்றத்தில் அப்போது சாமி இல்லாத கட்சி இல்லை. வடக்கிலிருந்து வந்தவர், தெற்கிலிருந்து வந்தவர், விமானத்தில் வந்து இறங்கியவர் என்று முன்வரிசை முழுக்க அவர்கள்தான். கம்பார தெய்யோவும் எதிர்ப்பக்கத்தில் இருந்தார். முன்பெல்லாம் ஒரு மந்திரியிடம் காசு எங்கே என்று கேட்டால் அவருக்குக் கோபம் வரும், அவ்வளவுதான். இப்போது கேட்டால் தெய்வக்குற்றம். அதனால் யாரும் கேட்கவில்லை. சாமிகளுக்கும் காலம் காலமாக ஒரே பதில்தான் பழக்கம்: நடக்கும். பிள்ளை பிறக்குமா, நடக்கும். டொலர் வருமா, நடக்கும். சாமியிடம் தேதி கேட்கிற வழக்கம் எந்த மதத்திலும் இல்லை. 2021இல் நாட்டுக்கு உரம் வராமல் நிறுத்துகிற யோசனை வந்தபோது, அதை ஒரு விரதம் மாதிரி எடுத்துக்கொண்டு எல்லா வரிசையிலும் கை உயர்ந்தது. கையில்லாத நம்முடையவருக்காகச் சுதாகரன் உயர்த்தினான். கவ்வாத்துச்சாமியும் கொழுந்துச்சாமியும் மலையிலேயே இருந்தார்கள்தான், ஆனால் உரம் போடாத தேயிலைக்கு அவர்களால் என்ன செய்ய முடியும். கொழுந்து கை நிறையவில்லை. பெண்கள் வெறுங் கூடைகளைக் காற்றில் பறந்துபோகாமல் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தருமலிங்கம் என்றொரு மாஸ்டர் இருந்தார், யாழ்ப்பாணத்து ஆள். அரசியலில் மதம் கலந்தால் நாடு விழுமா என்று ஒரு பட்டிமன்றம் வைத்தார். விழும் என்ற அணி, சாமியைக் கேள்வி கேட்க முடியாது, கேள்வி கேட்க முடியாத இடத்தில் கள்ளன் சாமிக்குப் பின்னால் நின்றுகொள்வான் என்றது. விழாது என்ற அணி, சாமிக்குப் பயந்தாவது சிலர் களவெடுக்காமல் இருக்கிறார்கள், அதுவும் இல்லையென்றால் என்ன ஆகும் என்றது. இரண்டுக்கும் கைதட்டல் விழுந்தது. பாறூக் முதலாளி கூட்டத்திலிருந்து எழும்பி, "சாமிமார் போக முந்தி மட்டும் நாடு பாலும் தேனுமாவா ஓடிச்சு? நான் சும்மா கேக்குறேன்" என்றார். அதற்கும் கைதட்டினார்கள். தீர்ப்புச் சொல்ல மாஸ்டர் எழுந்தபோது கரண்ட் போனது. இருட்டுக்குள்ளிருந்து அவர் குரல் மட்டும் கேட்டது: "ரெண்டு பகுதியும் வடிவாக் கதைச்சவை. தீர்ப்பை நான் சொல்லேல்லை. சொன்னா நாளைக்கு என்னை எங்கையாவது மாத்திப் போடுவாங்கள்." அவர் தீர்ப்புச் சொல்லாமலே அடுத்த மாதம் மாற்றலாகிப் போனார். நாடு விழுந்ததற்குச் சாமிகள் காரணமா என்பதில் பன்றிமலையில் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு. நாட்டை ஆளப் போய்ச் சாமி விழுந்தார் என்பதில் ஒரே கட்சிதான்.

2022 வந்தது. காஸ் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, பால்மா இல்லை. விஜயகலா ஈர விறகை ஊதி இரண்டு பேருக்குச் சோறாக்கினாள். அரிசி குறைந்தபோது தன் பங்கைக் குறைத்துக்கொண்டாள், மற்றப் பங்கைக் குறைக்கவில்லை. ஜூலை மாதத்தில் கொழும்பில் சனம் பெரிய வீடுகளுக்குள் புகுந்தது என்று போனில் பார்த்தார்கள். கதிரைகளில் இருந்தவர்கள் போன திசை தெரியவில்லை. சுதாகரன் ஜீப்பில் டீசல் இருந்தவரை ஓடி, எங்கேயோ ஒரு மச்சான் வீட்டில் இருந்தான். சாமியை ஏற்றிக்கொள்ள ஜீப்பில் இடம் இருக்கவில்லை.

ஆகவே முனி நடந்து வந்தார். கல் நடப்பதை யாரும் கண்ணால் காணவில்லை. இரவில் ஓரிடத்தில் இல்லாத கல் விடியும்போது அங்கே இருக்கும், அவ்வளவுதான். அவிசாவளையில் பார்த்தார்கள், எஹெலியகொடையில் பார்த்தார்கள். பக்கத்தில் இன்னொரு கல்லும் இருந்தது, அது கம்பார தெய்யோ. குருவிட்டைப் பக்கம் பெற்றோல் வரிசையில் சனங்கள் போத்தலையும் செங்கல்லையும் வைத்து இடம் பிடித்துவிட்டுச் சாப்பிடப் போவார்கள். இந்த இரண்டையும் யாரோ இடம் பிடித்து வைத்த கற்கள் என்று நினைத்து, வரிசை நகர நகர மரியாதையாக முன்னே தள்ளி வைத்தார்கள். சாமிகள் இருவரும் பம்ப் வரை போய்ச் சேர்ந்தார்கள். அதற்குள் பெற்றோல் முடிந்திருந்தது. அந்த வரிசையில்தான் இருவரும் மறுபடி பேசத் தொடங்கியிருக்க வேண்டும் என்று மூக்கையா கணிக்கிறார். வரிசையில் நிற்கிறவர்கள் எத்தனை நேரம்தான் பேசாமல் நிற்பது. பெல்மதுளை தாண்டி றக்வானை ஏற்றத்தில் அவர்களைப் பார்த்தவர்கள், இரண்டு கல்லுக்கும் நடுவில் பாதி எரிந்த ஒரு சுருட்டு கிடந்ததாகச் சொன்னார்கள். வந்து சேர்ந்த வாரம் பீலிக்குப் போகிற பாதையில் முள்கம்பி இருக்கவில்லை. யார் கழற்றியது என்று யாரும் விசாரிக்கவில்லை.

ஆனால் காவல் காக்க முனிக்கு ரோதை இல்லை. ஸ்டோரை மூடி, மெஷின்களைக் கழற்றி, கம்பனி வேறெங்கோ கொண்டுபோயிருந்தது. பலாமரத்தடியில் அவரை வைத்து மூக்கையா சுருட்டுப் பற்றவைத்தார். சுருட்டு எரிந்தது, முனி ஏறவில்லை. ஸ்டோருக் கூரையில் ஓட்டை விழுந்து, ரோதை இருந்த இடத்தில் தண்ணீர் வட்டமாகத் தேங்கி நின்றது.

அந்தக் காலத்தில் கடைத் தேயிலை வாங்கக் கட்டுப்படியாகாமல், தோட்டத்துப் பெண்கள் மடியில் கொஞ்சம் கொழுந்து கொண்டுவந்து வீட்டில் வாட்டி, சுளகில் போட்டு உள்ளங்கையால் வட்டமாக உருட்டித் தாங்களே தூள் செய்துகொண்டார்கள். விஜயகலா தன் சுளகை எடுத்துக்கொண்டு பலாமரத்தடிக்குப் போனாள். முனிக்கு முன்னால் காலை நீட்டி உட்கார்ந்து உருட்டினாள். பெரிய ரோதை இல்லாவிட்டால் என்ன, இதுவும் சுற்றுகிற சாமான்தானே, இதற்குக் காவல் இருக்கட்டும் என்பது அவள் எண்ணம். பச்சை வாசம் வந்தது. கை கறுத்தது. குரல் வரவில்லை. அவள் கேட்டது இன்னும் முனியின் தலைமேல் இருந்தது. ஆளைக் கொண்டு வருவதாக ஏற்றுக்கொண்ட சாமி, கொண்டுவராமல் எந்த முகத்தோடு பேசுவார். அவள் வீட்டுக்கு வந்து இரண்டு பேருக்கு ஆக்கி, திறந்த வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். இப்படி இரண்டு வருடம்.

2024இல் ஜனாதிபதித் தேர்தல் பேச்சு எழுந்தபோது சுதாகரன் திரும்பி வந்தான். வேறு ஜீப், அதே கண்ணாடி. ஒரு சேவல், முழுப் போத்தல் சாராயம், ஒரு கட்டுச் சுருட்டு எல்லாம் கொண்டு வந்திருந்தான். ஐயரைக் கூட்டிவரவில்லை, மூக்கையாவின் காலில் விழுந்து, "மாமா, மேளத்த அடிக்கச் சொல்லுங்க" என்றான். கற்பூரம் எரிந்தது, மேளம் அடித்தது, மூக்கையாவின் தோள் குலுங்கியது. இத்தனை காலத்துக்குப் பிறகு முனி ஏறினார். பன்றிமலை முழுக்க அங்கே நின்றது. எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து கிராமத்து ஆட்களும் வந்து கித்துள் மரத்தடியில் நின்று பார்த்தார்கள்.

சுதாகரன் கையைக் கட்டிக்கொண்டான். "சாமி, நாங்க தப்புப் பண்ணிட்டோம். சின்னப் பதவியில போயி ஒங்கள ஒக்கார வச்சோம். பாராளுமன்றத்துக்கு என்னா பவரு? நிறைவேற்று அதிகாரம் ஒன்னு இருக்கு சாமி. ஆம்பளையப் பொம்பளையாக்குறத தவிர மத்த எல்லாம் செய்யலாமாம். இந்தத் தடவ அங்கயே போயிருவோம். அங்க போயிட்டா..." அவன் திரும்பி விஜயகலாவைப் பார்த்தான். "பழனியாண்டி அண்ணன் வர்றதுக்கு ஒரு கையெழுத்துப் போதும்."

முனி மூக்கையாவின் கண்கள் வழியாக விஜயகலாவைப் பார்த்தார். கேட்டவள் அவள்தான், அவள் கேட்டதற்காகத்தான் அவர் வேனில் ஏறினார், பாலைக் குடித்தார், பெயரை மாற்றிக்கொண்டார். இப்போது போ என்றாலும் போவார். அது அவர் முகத்தில் தெரிந்தது. மூக்கையாவின் வேட்டி இடுப்பில் நிற்காமல் சரிந்துகொண்டிருந்தது.

விஜயகலாவுக்குப் பழனியாண்டியின் கை ஞாபகம் வந்தது. கொழுந்துக் கறை படிந்து, எத்தனை சோப்புப் போட்டாலும் வெளுக்காத கை. ஒரு கையெழுத்து. கதவு திறந்துதான் இருக்கிறது. சோறும் இருக்கிறது. வந்து உட்கார வேண்டியதுதான் பாக்கி. அவள் வாயைத் திறந்தபோது சரிங்க சாமி என்றுதான் வரும் என்று எல்லோரும் நினைத்தார்கள், அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

"வேணாங்க சாமி" என்றாள்.

கூட்டத்தில் யாரோ நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்கள். ஏறி நிற்கிற சாமிக்கு மறுப்புச் சொன்னவர்கள் அந்தத் தோட்டத்தில் அதுவரை இல்லை.

"ஆளு வேணாங்க. நான் கேட்டதத் திருப்பி எடுத்துக்கிறேன். கொரலு போதும். நீங்க ஒங்க வேலையப் பாருங்க." பிறகு, "ரொம்ப எளச்சுப் போயிட்டீங்க" என்றாள். 

முனி சுருட்டைக் கையில் வாங்கினார். "சரி புள்ள" என்றார்.

சாமி சரி சொன்னதையும் அதுவரை யாரும் கேட்டதில்லை. மூக்கையா குலுக்கம் நின்று கீழே உட்கார்ந்தார். சுதாகரன் அவரை உலுக்கி, இன்னொரு தடவை ஏறச் சொல்லுங்கள், கட்சியில் ஆள் காத்திருக்கிறார்கள் என்றான். மூக்கையா வேட்டியை இறுக்கிக் கட்டினார். "சாமி வேலையா இருக்கு தம்பி. நீங்க போயிட்டு வாங்க." சேவலை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

அன்று மாலை விஜயகலா தன் காம்பிராவில், அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சுளகில் கொழுந்து உருட்டிக்கொண்டிருந்தாள். உள்ளங்கை வட்டமாகப் போய் வந்தது. கொஞ்ச நேரம் இலையின் சத்தம் மட்டும் இருந்தது. பிறகு அதற்குள்ளிருந்து, ஸ்டோரு ரோதையில் வந்ததைவிடச் சின்னதாக, பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற அளவில் வந்தது.

"கலா, சோறாக்கிட்டியா? கதவச் சாத்திட்டியா? மழ வருது."

அவள் எழுந்து போனாள். ஆறு வருட மழையில் உப்பிய கதவு சட்டத்துக்குள் போக மறுத்தது. இரண்டு கையாலும் உள்ளே இழுத்தாள். போகவில்லை. அடுத்த காம்பிராவிலிருந்து இருளாயி வந்து, ஒன்றும் கேட்காமல், வெளியே நின்று காலால் ஓர் உதை விட்டாள். கதவு சாத்திக்கொண்டது.

"சாத்திட்டேன்" என்றாள் விஜயகலா. கத்தவில்லை. கத்த வேண்டிய தூரத்தில் அவன் இல்லை.

அன்றைக்குத் தேங்காய் நூற்று இருபது. கொஞ்ச நேரத்தில் மழை வந்தது. மேலே தோட்டத்துக்கும் கீழே கிராமத்துக்கும் எல்லா வீட்டுக் கூரைக்கும் ஒரே மாதிரித்தான் பெய்தது.